இயந்திர மருமகளும் மரகதம் சபாபதியும்

ஜூன் 1, திங்கள்

என்னை மிஷின் என்று சொல்லிவிட்டார்கள்.

காலையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது குலசேகரன் போன் செய்தான். ‘பவழமல்லி மாத நாவ’லின் ஆசிரியர். அவன் அப்பா ஆசிரியராக இருந்த காலத்தில் அரை டிராயரோடு அச்சகத்தில் ஓடித் திரிந்த பையன். சுற்றி வளைத்து உடம்பையெல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

“மரகதம்மா, உங்க புது நாவலைச் செக் பண்ற சாஃப்ட்வேர்ல போட்டுப் பார்த்தோம். பாதிக்கு மேல கம்ப்யூட்டர் எழுதினதுன்னு வருது.”

“யாரு எழுதினதுன்னு?”

“உங்களைச் சந்தேகப்பட்டு இல்லம்மா. இப்ப எல்லாருக்கும் போடறோம். போன மாசம் ஒருத்தர் முழுசா மிஷின்ல எழுதிக் கொடுத்துட்டாரு. வாசகர்ங்க கண்டுபிடிச்சு அசிங்கமாயிடுச்சு.”

என் நாவல் ஜூலை இதழுக்கு என்று பின் அட்டையில் விளம்பரம் வந்தாயிற்று. இப்போது நிறுத்தி வைக்கிறானாம். நான் எழுதியதுதான் என்று தெளிவாகாவிட்டால் என் பெயரை எடுத்துவிட்டு வேறு யாருடையதையோ போடுவானாம். இனிமேலும் என் நாவல் வராது என்பதை அவன் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது.

பஸ் ஸ்டாண்டு கடைகளில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய நாவல்கள் என்னுடையவை. ‘மரகதம் சபாபதி’ என்ற பெயரைப் பார்த்துத்தான் கை நீட்டினார்கள். பிரசவ ஆஸ்பத்திரியில் படித்தார்கள், ராத்திரி ரயிலில் படித்தார்கள், மாமியாருக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். இன்று ஒரு டப்பா வந்து, இதை எழுதியவள் மனுஷி இல்லை என்கிறது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிவிட்டது.

வெண்டைக்காயை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். மிச்சத்தை எழில்தான் நறுக்கினாள். எழில் என் மருமகள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். மகன் பரிதிக்கு ஓசூரில் வேலை, வார விடுமுறைக்குத்தான் வருவான். டைரியில்கூடப் பாத்திரங்களை அறிமுகம் செய்கிற பழக்கம் என்னை விடவில்லை. இதையும் அந்த டப்பாவிடம் காட்ட வேண்டும்.

ஜூன் 2, செவ்வாய்

சாப்பிடப் பிடிக்கவில்லை. ரசம் மட்டும்.

ஜூன் 3, புதன்

பக்கத்து பிளாட் வசுமதி, “உங்க கதையை ரோபோ எழுதுதாமே?” என்று லிஃப்டில் கேட்டாள். யார் சொன்னார்களோ. “ஆமாம், கோலம்கூட அதுதான் போடுது” என்றேன். அவள் நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

நான் எப்படி எழுதுகிறேன் என்று ஊருக்கே தெரியும். நீளத்தாளில், ஒரு பக்கம் மட்டும், நீல மையில். எழில் அதை டைப் செய்து குலசேகரனுக்கு அனுப்புகிறாள். முன்பு நேரடியாக அச்சகத்துக்குப் போகும். ஒரே சமயத்தில் மூன்று பத்திரிகையில் தொடர்கதை ஓடிய காலம் அது. ஒரு கதையின் கதாநாயகி இன்னொரு கதைக்குள் புகுந்துவிடுவாள். ப்ரூஃப் பார்க்கிற பெருமாள் சத்தமில்லாமல் திருத்திவிடுவார். ஒரு தடவை செத்துப்போன மாமனார் அடுத்த வாரமே காபி கேட்டார். பெருமாள் அந்தக் காட்சியைக் கனவாக மாற்றி மானத்தைக் காப்பாற்றினார். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் நடப்பதுதான். தீபாவளி மலர் வேலையின்போது அச்சகத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்போம்.

இந்த நாவலின் விஷயம் வேறு. அம்பத்தூரில் ஒரு மாமியார். இரண்டு மகன்களின் மனைவிகளும் கோபித்துக்கொண்டு போனபின், வீட்டுக்கு ஒரு மிஷின் மருமகளை வாங்கி வருகிறாள். பெயர் தாரிணி. களைப்பில்லை, பிறந்த வீடு இல்லை, எதிர்ப்பேச்சு இல்லை. மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

மிஷின் மனிதர்களைப் பற்றிக் கதை எழுதுகிற எல்லோரும் கடைசியில் அதை அழ வைத்துவிடுகிறார்கள். கண்ணோரம் ஒரு சொட்டு; உடனே அது மனுஷியாம். இல்லையென்றால் காதலிக்க வைக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் எசமானைக் காப்பாற்றிச் சாகடிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்தவருக்காக அழுது அடுத்தவருக்காகச் செத்தால்தான் மனுஷி என்றால், அது நல்ல வேலைக்காரிக்குக் கொடுக்கிற சர்ட்டிபிகேட். எனக்குத் தெரிந்து மனுஷிக்கு அடையாளம் ரோஷம். என்னை ஏன் இப்படிச் சொன்னாய் என்று ஒருத்திக்குச் சுருக்கென்று வர வேண்டும். தாரிணிக்கு அது வர வேண்டும் என்றுதான் இந்த நாவலையே ஆரம்பித்தேன்.

எழிலிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

ஜூன் 5, வெள்ளி

கருணைக்கிழங்கு வாங்கி வந்தேன். பார்த்தால் சமையலறைக் கூடையில் ஏற்கெனவே ஒரு கருணைக்கிழங்கு உட்கார்ந்திருக்கிறது. வாங்கினால் சொல்ல வேண்டாமா? எழிலைப் பிடித்துக் கேட்டேன்.

“நான்தான் அத்தை. சொல்ல மறந்துட்டேன்.”

இந்த வயதில் இவ்வளவு மறதி. வல்லாரைக் கீரை கிடைத்தால் வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். சரி என்றாள்.

ஜூன் 8, திங்கள்

குலசேகரன் வீட்டுக்கே வந்தான், ஆப்பிளும் அந்த டப்பா குறித்துக் கொடுத்த பக்கங்களுமாக. மிஷின் எழுதியதாகச் சொல்லும் இடமெல்லாம் மஞ்சள். முதல் ஆறு அத்தியாயம் வெள்ளை. அதற்கப்புறம் ஒரே மஞ்சக்காமாலை.

“ஆறு அத்தியாயம் எழுதிட்டு மிச்சத்துக்கு ஆள் வெச்சேன்னு சொல்றியா?” என்றேன்.

“அப்படிச் சொல்லலம்மா. ஆனா பாருங்க, மஞ்சளுக்கு நடுவுல இந்த ஒரு காட்சி மட்டும் வெள்ளையா இருக்கு. இதைப் படிச்சிட்டு நான் ரெண்டு நாள் வேற எதையும் படிக்கல.”

படித்துக் காட்டினான். வீட்டில் சீமந்த விருந்து. என் கதாநாயகி தாமரை சாம்பார் பரிமாறிக்கொண்டு வருகிறாள். மாமியார் பந்தியில் இருப்பவர்களிடம், “இவளுக்கு வலிக்காது, பசிக்காது, போய் நிற்க அம்மா வீடும் கிடையாது” என்று சிரிக்கிறாள். தாமரை கரண்டியை வாளிக்குள் வைக்கிறாள். “நீங்களே போட்டுக்கோங்க அத்தை” என்கிறாள். பந்தியின் கோடியில் போய் உட்காருகிறாள். சாப்பிட முடியாது என்று தெரிந்தும் தன் முன்னால் ஒரு இலையைப் போட்டுக்கொள்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

எனக்கே புல்லரித்துவிட்டது. இதை எழுதியதுகூட நினைவில்லை. நன்றாக வரும்போது அப்படித்தான், கை பாட்டுக்கு ஓடும்.

“இதை எழுதினவ மனுஷின்னு உன் டப்பாவே ஒத்துக்குது இல்ல? அப்ப மிச்சத்தை எழுதினது யாரு, என் ஆவியா?”

அவன் தாள்களை அடுக்க ஆரம்பித்தான். எழில் காபி டம்ளர்களோடு சமையலறை வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. வாசகர் கண்ணில் தண்ணீரை வரவழைத்தே பழகிவிட்டேன்.

கடைசியில் நானே சொன்னேன். “உன் ஆபீசுக்கு வரேன். உன் எதிர்ல உக்காந்து பாக்கியிருக்கற கடைசி அத்தியாயத்தை எழுதறேன். பேனா, தாள், நான். அப்புறம் சொல்லு யாரு மிஷின்னு.”

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த திங்கள் என்று முடிவாயிற்று. எழில்தான் ஒரு டம்ளரைக் கீழே போட்டாள்.

ஜூன் 10, புதன்

இன்று வீட்டில் ரகளை.

“ஆபீசுக்குப் போக வேணாம் அத்தை. இந்த ஒரு நாவல்தானே, விட்டுடலாம். உடம்பு சரியில்லைன்னு நான் சொல்லிடறேன்” என்றாள் எழில்.

“எனக்கு உடம்புக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல. சும்மா.”

“திருடின்னு சொன்னவன் எதிர்ல வாயை மூடிக்கிட்டு வீட்ல உக்காரச் சொல்றியா? நாளைக்கு உன் புள்ளைக்குப் பாட்டி யாருன்னு சொல்லுவே? மிஷின்னா?”

அவளுக்கு இன்னும் பிள்ளை இல்லை. அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவள் மட்டும் என் பக்கம் நிற்க வேண்டாமா? வீட்டில் இருக்கிற ஒருத்தியே என்னை நம்பவில்லை என்றால், குலசேகரனைச் சொல்லி என்ன பிரயோஜனம்? எழில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காபியை நானே போட்டுக் குடித்தேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறுபடி பார்த்தபோது கேஸ் நிறுத்தியிருந்தது, எழில்தான் நிறுத்தியிருக்கிறாள். கோபத்திலும் அடுப்பங்கரையில் மூக்கை நுழைக்காமல் இருக்க மாட்டாள்.

யாமினிக்கு அடுத்த அத்தியாயத்தில் என்ன ஆகப் போகிறது என்று யோசிக்க வேண்டும். என் கதாநாயகியை அங்கே பந்தியிலேயே விட்டுவிட்டேன்.

ஜூன் 13, சனி

பரிதி வந்திருக்கிறான். வந்ததும் வராததுமாக, “அம்மா, ஒரு ஜெனரல் செக்கப் பண்ணிக்கலாமா? நரம்பு டாக்டர், தெரிஞ்சவர்” என்கிறான்.

ஜெனரல் செக்கப்புக்கு நரம்பு டாக்டர் எதற்கு என்று கேட்டேன். முழித்தான். அவள் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறான். ஒரு நாவலாசிரியையிடம் வந்து இவ்வளவு மோசமாக வசனம் பேசக் கூடாது. அவன் கொண்டுவந்த பால்கோவாவை நான் தொடவில்லை.

ஜூன் 15, திங்கள்

பட்டுப்புடவையே கட்டிக்கொண்டு போனேன். எழிலும் கூடவே வந்தாள், வேண்டாம் என்று சொல்லியும்.

ராயப்பேட்டை ஆபீசில் இப்போது அச்சு வாசனையே இல்லை, ஏசி வாசனைதான். குலசேகரன் தன் மேஜையையே எனக்குக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். எழுதினேன். தங்குதடை இல்லாமல் வந்தது. இடையில் மோர் கொடுத்தார்கள். என்னைப் பரீட்சை எழுத வைத்துவிட்டார்களே என்ற ஆத்திரம்கூடக் கொஞ்ச நேரத்தில் மறந்து, கதைக்குள் போய்விட்டேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இங்கே எழுதி வைக்கிறேன். அது என்னுடையது, யாரும் மஞ்சள் அடிக்க முடியாது.

முடித்துக் கொடுத்தேன். முதல் தாளைச் சிரித்த முகமாகப் படித்தான். இரண்டாவதில் சிரிப்பு நின்றது. மூன்றாவதைப் படித்துவிட்டு முதல் தாளைத் திரும்ப எடுத்தான்.

“மரகதம்மா, இந்த யாமினி யாரு?”

“கதாநாயகி.”

“அப்ப தாரிணி? முதல் பக்கத்துல தாரிணின்னு இருக்கு. இங்க தாமரை.” தாளைத் திருப்பினான். “சம்பந்தி முதல் பக்கத்துலயே இறந்துடறாரு. மூணாவதுல உக்காந்து வெத்தலை போடறாரு. கரண்டியை வைக்கிற சீனும் மறுபடி முதல்லேர்ந்து வருது.”

நான் சிரித்தேன். பெருமாள் கதையைச் சொன்னேன், செத்துப்போன மாமனார் காபி கேட்டதை. அந்தக் காலத்தில் இதைச் சொன்னால் அச்சகமே சிரிக்கும். இங்கே யாரும் சிரிக்கவில்லை. பெருமாளே இருந்திருந்தாலும் சிரித்திருக்க மாட்டாரோ என்று ஒரு கணம் தோன்றியது.

குலசேகரன் எழிலைப் பார்த்தான். “நீங்கதான் இத்தனை நாளா சரி பண்ணிட்டிருந்தீங்களா?” என்று மெல்லக் கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பினான். “இதை மிஷின் எழுதலம்மா. நிச்சயமா சொல்வேன். மிஷின் இந்த மாதிரி தப்பெல்லாம் பண்ணாது. நாவல் உங்க பேர்லயே வரட்டும்.” ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற குரலில் பேசினான். வாசல் வரை வந்து கார் கதவைத் திறந்துவிட்டான், இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் செய்யாதவன்.

நான் மனுஷி என்று நிரூபணமாகிவிட்டது. என் தப்புகளைக் காட்டி நிரூபித்திருக்கிறான். எழுதியதை வைத்து இல்லை.

ஜூன் 16, செவ்வாய்

நேற்றுக் காரில் நடந்ததை நேற்று எழுதக் கை வரவில்லை. இன்று எழுதுகிறேன், மறப்பதற்கு முன்னால்.

சைதாப்பேட்டையில் வண்டி நின்றபோது எழில் சொல்லிவிட்டாள்.

“போன நாவல்லேர்ந்தே அத்தை. கதை ஒரே இடத்துல சுத்திட்டிருந்துச்சு. ஆறாவது அத்தியாயத்தையே திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தீங்க. முதல் தடவை சொல்லிப் பார்த்தேன். எனக்கே கதை சொல்லித் தர்றியான்னு கத்தினீங்க. அதுக்கப்புறம் சொல்லல. உங்க பழைய நாவலையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு, இதே மாதிரி மிச்சத்தை எழுதுன்னு கேட்டேன்.”

“கரண்டிக் காட்சி?”

“அதை மட்டும் அது சரியா எழுதல. தாரிணியை அழ வெச்சுது. நீங்க ஒத்துக்கவே மாட்டீங்க இல்ல. அதான் நானே எழுதினேன்.”

பின்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறாள். நீங்களே போட்டுக்கோங்க அத்தை என்று எழுதியவள். எந்த அத்தையை நினைத்து எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

“கருணைக்கிழங்கு?” என்று கேட்டேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வல்லாரை வாங்கித் தருகிறேன் என்று சொன்னேனே, அப்போதும் சரி என்றாளே.

எனக்கு வயிறு எரிகிறது. கம்ப்யூட்டர் எழுதியதற்காக இல்லை. மறதி வந்ததற்காகக்கூட இல்லை. எத்தனையோ பேருக்கு வருகிறது. மிக்ஸி ஓடவில்லை என்றால் மிக்ஸியிடம் யாராவது சொல்கிறார்களா? கழற்றுகிறார்கள், ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டுகிறார்கள், மூடுகிறார்கள். அது பாட்டுக்கு ஓடுகிறது, ஓடுவது தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டு. என்னை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மருமகள் திருத்துகிறாள், மகன் டாக்டர் பார்க்கிறான், கேஸை யாரோ அணைக்கிறார்கள், பால்கோவா வேறு. எல்லோரும் என் மேல் அன்பாக இருந்தார்களாம். ஒருத்தராவது என் முகத்தைப் பார்த்து, மரகதம், உனக்கு மறந்துபோகிறது என்று சொன்னார்களா? நான் ஒருத்தி உள்ளே இருக்கிறேன் என்று இவர்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

என்னை மிஷின் என்று முதலில் சொன்னது அந்த டப்பா இல்லை.

ஜூன் 17, புதன்

யாரோடும் பேசவில்லை. எழில் தட்டு கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டேன்.

ஜூன் 19, வெள்ளி

காலையில் குலசேகரனுக்கு நானே போன் செய்தேன்.

“மஞ்சள் பக்கத்தையெல்லாம் எடுத்துடு” என்றேன். “முதல் ஆறு அத்தியாயம் இருக்கட்டும். கரண்டிக் காட்சி இருக்கட்டும், அதுக்கு மேல எழிலரசி பரிதின்னு பேரு போடு. கடைசில நான் உன் மேஜைல எழுதினது, எழுதினபடியே வரணும்.”

“எழுதினபடியேன்னா… பேரெல்லாம் மாறி மாறி வருதேம்மா.”

“வரட்டும்.”

“வாசகர்ங்க குழம்புவாங்க. வேணும்னா மாமியார் அவ பேரை மறந்துட்டு மாத்தி மாத்திக் கூப்பிடறாங்கன்னு ஒரே ஒரு வரி சேர்த்துடலாமா? யாருக்கும் தெரியாது.”

நல்ல யோசனைதான். பெருமாள் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

“சேர்க்காதே” என்றேன். “மறந்தது மாமியார் இல்ல, நான். இதை எழுதினவளுக்கு ஞாபகம் தவறிட்டிருக்கு, ஆனா எழுதினது அவதான்னு முன்பக்கத்துல போடு. உனக்குப் போட வரலைன்னா நாவலே வேணாம், திருப்பி அனுப்பு.”

பிறகு போடுகிறேன் என்றான். குரல் ஆஸ்பத்திரிக் குரலாக இல்லை. பழையபடி, என்னைப் பார்த்துப் பயப்படுகிற குரல். அதுவே போதும்.

பரிதியிடமும் டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் டாக்டர் என்ன சொன்னாலும் என்னிடம் சொல்ல வேண்டும், அவர்களிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லக் கூடாது. இது நிபந்தனை.

மத்தியானம் எழிலைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னேன். எழிலிடம் நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, அவளை மன்னிக்கவும் இல்லை. புதிதாக ஆரம்பித்திருக்கிற கதையின் தாள்களை அவள் கையில் கொடுத்தேன்.

“சத்தமா படி. தப்பு வர்ற இடத்துல நிறுத்தி என் மூஞ்சிக்கு நேரா சொல்லு.”

“சொன்னா உங்களுக்குக் கோபம் வரும் அத்தை.”

“வரும். நீ சொல்லு.”

படித்தாள். முதல் பக்கம் முடிவதற்குள் நிறுத்தினாள்.

“இவருக்குக் கல்யாணமே ஆகலைன்னு மேல எழுதியிருக்கீங்க. இங்க பொண்டாட்டி கதவைத் திறக்கறா.”

இல்லவே இல்லை என்று கத்தினேன். தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். இருந்தது. பொண்டாட்டி கதவைத் திறந்துகொண்டு நின்றாள். அதற்கும் சேர்த்துக் கத்தினேன், எழிலை, பேனாவை, இந்த வீட்டு வெளிச்சத்தை, எல்லாவற்றையும்.

எழில் எழுந்து போகவில்லை.

“கத்தி முடிச்சதும் சொல்லுங்க அத்தை” என்றாள். “இதே பக்கத்துல இன்னும் ரெண்டு இருக்கு.”